நிறமேறிய வெள்ளிக்காசு: செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வரும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பூட்டிக் கிடந்த பழைய வீட்டைத் திறந்து சாமான் பிரிக்கும்போது, பெட்டகத்தின் மூலையிலிருந்து ஒரு துணி முடிச்சு வருவது வழக்கமாக நடப்பதுதான். உள்ளே சில வெள்ளி ரூபாய்கள் இருக்கும். சில வெள்ளையாக, சில கறுத்துப்போய், ஒன்றிரண்டு மட்டும் பொன்னும் ஊதாவும் நீலமுமாக மின்னும். அந்த ஒன்றிரண்டைப் பற்றித்தான் இந்தப் பக்கம். அவற்றைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று கை பரபரக்கும். தயவுசெய்து தேய்க்காதீர்கள். முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

கறுத்துப்போன காசைத்தான் நிறமேறிய காசு என்கிறீர்களா?

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், கட்டம்தான் வேறு. காற்றில் மிகச் சிறிய அளவில் ஹைட்ரஜன் சல்பைடு போன்ற கந்தகச் சேர்மங்கள் எப்போதும் இருக்கின்றன. அவை வெள்ளியோடு சேரும்போது காசின் மேல் வெள்ளி சல்பைடு என்ற படலம் படிகிறது. படலம் மெல்லியதாக இருக்கும்வரை நிறம் தெரியும். தடித்துவிட்டால் வெறும் கறுப்புதான். சேகரிப்பாளர்கள் டோனிங் என்று தேடுவது அந்த மெல்லிய கட்டத்தில் நிற்கும் காசை. முழுக்கக் கறுத்த காசுக்கு அந்த மதிப்பு கிடையாது. ஆனாலும் அதையும் தேய்க்கக் கூடாது. ஏன் என்பது கீழே வருகிறது.

சல்பைடு கறுப்பு என்றால் நீலமும் ஊதாவும் எங்கிருந்து வருகின்றன?

மழை நாளில் ரோட்டில் சிந்திய பெட்ரோல் வானவில்லாகத் தெரியுமே, அதே கணக்கு. படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், படலத்தை ஊடுருவி உள்ளே இருக்கும் வெள்ளியில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று கலக்கின்றன. சில நிறங்கள் அடங்கிப்போகின்றன, சில எடுப்பாகத் தெரிகின்றன. எந்த நிறம் என்பதைப் படலத்தின் தடிமன் முடிவு செய்கிறது. அந்தத் தடிமன் ஒரு தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான்.

படலம் தடிக்கத் தடிக்க நிறங்கள் ஒரு வரிசையில் வரும். முதலில் வெளிர் மஞ்சள், அப்புறம் பொன்னிறம், செம்பழுப்பு, ஊதா கலந்த சிவப்பு, அடர் நீலம், வெளிர் நீலம். அதோடு ஒரு சுற்று முடியும். இரண்டாம் சுற்றில் மறுபடி மஞ்சள், ரோஜா நிறம், அதன்பின் பச்சை. அதையும் தாண்டினால் மங்கிக் கறுப்பில் போய் முடியும். இந்த வரிசையை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். போலி நிறத்தைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல கருவி இல்லை. உதாரணத்துக்கு, பச்சை என்பது காலதாமதமாக வரும் நிறம். வெளிர் மஞ்சளை ஒட்டி, நடுவில் ஊதாவோ நீலமோ இல்லாமல் திடீரென்று பச்சை தெரிந்தால் யோசிக்க வேண்டும்.

செட்டிநாட்டுக் காசுகளில் மட்டும் ஏன் இவ்வளவு நிறம்?

வேதியியல் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். இந்த மண்ணுக்கென்று தனி மாயம் இல்லை. ஆனால் ஒரு காசு அழகாக நிறமேறுவதற்கு வேண்டியவை எல்லாம் இந்த வீடுகளில் ஒன்றுகூடி இருந்தன.

முதலாவது, அசையாமல் கிடந்தது. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன நகரத்தார் பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் ஒரு பங்கு வெள்ளிக்காசாகவே வீட்டில் தங்கியது. இரும்புப் பெட்டியிலோ தேக்குப் பெட்டகத்திலோ வைத்துப் பூட்டினால், கல்யாணம் காட்சி வந்தால்தான் திறப்பார்கள். கைபடாமல் கிடந்தால்தான் படலம் சீராக வளரும். புழக்கத்தில் ஓடும் காசில் விரல் பட்டுப் பட்டு நிறம் தங்காது.

இரண்டாவது, சுற்றி வைத்த பொருள். துணி, பழைய கணக்குத் தாள், ஓலைக் கொட்டான், மரம் என்று காசைத் தொட்டுக்கொண்டு இருந்த ஒவ்வொன்றும் அதனதன் வழியில் நிறத்தைத் தீர்மானித்தது. தாளிலும் துணியிலும் கந்தகம் சிறிது இருந்தாலே போதும், பல வருடத்தில் அது வேலை செய்துவிடும். மூன்றாவது, ஐப்பசி கார்த்திகை மழை. மற்ற மாதங்களில் வறண்டு கிடக்கும் ஊரில் அந்த இரண்டு மூன்று மாத ஈரம் படலத்தைக் கொஞ்சம் வளர்த்துவிட்டு ஓய்ந்துவிடும். மெதுவாக, விட்டுவிட்டு வளர்வது நிறத்துக்கு நல்லது.

ஒரு காசை அருகில் வைத்துப் பாருங்கள். துணிப் பையில் இருந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் ஒன்றை லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, ராஜாவின் கன்னத்திலிருந்து காதுவரை துணியின் நெசவு அப்படியே பதிந்திருந்தது. பாவும் ஊடையும் தெரிகிற மாதிரி பொன்னிறக் கட்டங்கள், கட்டங்களுக்கு நடுவில் நீலம். நூல் தொட்ட இடம் ஒரு நிறம், நூலுக்கு இடையே காற்று பட்ட இடம் வேறு நிறம். இந்த நெசவுத் தடத்தை எவராலும் எளிதில் போலியாகச் செய்ய முடியாது. அதனால்தான் உலகம் முழுக்க சேகரிப்பாளர்கள் இதற்கு ஏங்குகிறார்கள்.

அதே முடிச்சில் இன்னொரு காசில் பிறை வடிவம் இருந்தது. ஒரு காசின் மேல் இன்னொரு காசு பாதி மூடிக் கிடந்தால், மூடிய பகுதி வெள்ளையாகவே இருக்கும், திறந்திருந்த பகுதி மட்டும் நிறமேறும். எல்லை வளைவாக, மேலிருந்த காசின் விளிம்பு அளவுக்கே இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்ததில் கடைசிக் காசுக்கு ஒரு பக்கம் மட்டும் வானவில், மறுபக்கம் பளீர் வெள்ளை. முடிச்சு கிடைத்தால் அதைக் கொட்டிக் கலைப்பதற்கு முன்னால், எந்தக் காசு எதற்குப் பக்கத்தில் இருந்தது என்று ஒரு படம் எடுத்துவிடுங்கள். அந்தப் படம் பின்னால் நிறத்துக்குச் சாட்சி சொல்லும்.

காசின் குறுக்கே கறுப்புக் கோடு ஒன்று இருக்கிறது. அது என்ன?

ரப்பர் பேண்ட். ரப்பரை உறுதியாக்கக் கந்தகம் சேர்ப்பார்கள். அது தொட்ட இடத்தில் வெள்ளி நேராகக் கறுப்புக்கே போய்விடும். ரப்பர் பேண்ட் போட்டுக் காசைக் கட்டி வைத்திருந்தால் இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள்.

எந்தக் காசுகளில் நல்ல நிறம் பார்க்கலாம்?

இந்தப் பக்கத்து வீடுகளில் அதிகம் அகப்படுவது பிரிட்டிஷ் இந்திய ரூபாய். ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம். அதில் வெள்ளி 91.7 சதவீதம், மீதி செம்பு. விட்டம் சுமார் 30.5 மில்லிமீட்டர். 1835-ல் கிழக்கிந்தியக் கம்பெனி நாடு முழுதுக்கும் ஒரே மாதிரி ரூபாயை நான்காம் வில்லியம் தலையோடு கொண்டுவந்தது. 1840-லிருந்து விக்டோரியா ராணி தலை. 1862-லிருந்து கம்பெனி பெயர் போய் அரசியின் பெயரில் வந்தது. 1862 என்று ஆண்டு போட்ட காசை 1862-ல் மட்டும் அடித்ததாக நினைக்க வேண்டாம். அதே ஆண்டைப் போட்டே 1874 வரை அடித்தார்கள். அதனால்தான் அந்த ஆண்டுக் காசு இவ்வளவு கிடைக்கிறது. 1877-லிருந்து 1901 வரை 'பேரரசி' என்ற பட்டத்தோடு வருபவை. 1903 முதல் 1910 வரை ஏழாம் எட்வர்டு, 1911 முதல் 1922 வரை ஐந்தாம் ஜார்ஜ்.

1911-ஆம் ஆண்டு ரூபாய்க்கு ஒரு கதை உண்டு. ராஜாவின் அங்கியில் இருந்த யானை உருவத்தின் தும்பிக்கை குட்டையாகப் பன்றி மாதிரி தெரிகிறது என்று பெரிய எதிர்ப்பு கிளம்பி, வடிவத்தை அடுத்த ஆண்டே திருத்தினார்கள். அதைப் பன்றி ரூபாய் என்றே இன்றும் சொல்கிறார்கள். நிறமேறிய 1911 கிடைத்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர்.

நிறத்தைப் பொறுத்தவரை எனக்குப் பிடித்தவை 1917 முதல் 1920 வரையான ஜார்ஜ் ரூபாய்கள். ஏராளமாக அடித்ததால் விலை எட்டும் தூரத்தில் இருக்கிறது. புழக்கத்துக்கே வராமல் நேராகப் பெட்டிக்குள் போன காசுகளும் நிறைய. இன்னொரு காரணமும் உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் வெள்ளித் தட்டுப்பாடு வந்தபோது, அமெரிக்கா 1918-ல் பிட்மன் சட்டம் என்று ஒன்றைப் போட்டு, தன் கருவூலத்தில் கிடந்த சுமார் 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கியது. பெரும்பகுதி வெள்ளி பிரிட்டன் வழியாக இந்திய ரூபாய்க்காக வந்தது. உலகத்தில் நிறமேறிய காசு என்றதும் முதலில் பேசப்படுவது அமெரிக்க மார்கன் டாலர்தான். ஆயிரம் ஆயிரமாகத் துணிப் பைகளில் கட்டிக் கருவூலத்தில் போட்டு வைத்து, 1960-களின் தொடக்கத்தில் வெளியே விட்டபோது பைத்துணி பட்ட காசுகள் வானவில்லாக வந்தன. உருக்கப்பட்ட அதன் கூட்டாளிகள் நம் ஊர்ப் பெட்டகத்தில் ஜார்ஜ் ராஜா தலையோடு துணி முடிச்சில் கிடந்து அதே நிறத்தை வாங்கியிருக்கலாம் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

அரை ரூபாய், கால் ரூபாய், வெள்ளி இரண்டணா ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். எடை முறையே 5.83, 2.92, 1.46 கிராம். சின்னக் காசில் நிறம் முகம் முழுக்கப் பரவி நிற்கும். விலையும் குறைவு.

1940-க்குப் பிந்தைய ரூபாய்கள் எப்படி?

1940 முதல் 1945 வரையான ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் வெள்ளி பாதிதான். மீதி 40 சதவீதம் செம்பு, நிக்கலும் துத்தநாகமும் ஐந்து ஐந்து. இந்தக் கலவையில் பெரும்பாலும் மங்கிய பழுப்புதான் வரும். அபூர்வமாக நல்லது அகப்பட்டால் வைத்துக்கொள்ளுங்கள், தேடிப் போக வேண்டாம். 1947 ஒரு ரூபாய் நிக்கல், பின்னால் புலி இருக்கும். அதில் வெள்ளியே இல்லை.

பெரிய பெரிய வெளிநாட்டு வெள்ளிக்காசுகள் இருக்கின்றன. அவற்றிலும் நிறம் பார்க்கலாமா?

தாராளமாக. சைகோனில் கடை வைத்திருந்த குடும்பத்தில் பிரெஞ்சு இந்தோசீனாவின் பியாஸ்தர் இருக்கும். உட்கார்ந்திருக்கும் பெண் உருவம், 27 கிராம், 90 சதவீதம் வெள்ளி. பினாங்கு, சிங்கப்பூர் பக்கம் போனவர்கள் வீட்டில் பிரிட்டிஷ் வர்த்தக டாலரும் ஸ்ட்ரெய்ட்ஸ் டாலரும் இருக்கும். வர்த்தக டாலர் 26.95 கிராம். ஸ்ட்ரெய்ட்ஸ் டாலரை 1907-ல் 20 கிராம் சொச்சத்துக்குக் குறைத்துவிட்டார்கள், அதனால் இரண்டு அளவும் பார்க்கலாம். பர்மாவில் பிரிட்டிஷார் காலத்தில் ஓடியது இந்திய ரூபாயேதான். அதற்கு முந்தைய மிண்டோன் ராஜாவின் மயில் ரூபாய் கிடைத்தால் அது தனிப் பொக்கிஷம். பெரிய காசில் பரப்பு அதிகம் என்பதால் விளிம்பிலிருந்து நடுவுக்கு வட்டம் வட்டமாக நிறம் இறங்குவது நன்றாகத் தெரியும். ஆனால் இவற்றில் போலிக் காசுகளும் மிக அதிகம். வீட்டுப் பெட்டியிலிருந்து எடுத்ததற்கும் கடையில் வாங்குவதற்கும் வித்தியாசம் உண்டு.

எங்கள் ஆச்சி எல்லாவற்றையும் விபூதி போட்டுத் தேய்த்து வைத்துவிட்டார். இனி என்ன செய்வது?

ஆச்சியைக் குறை சொல்ல வேண்டாம். கல்யாணத்தில் சாமான் பரப்பும்போது வெள்ளி பளபளக்க வேண்டும் என்பது முறை. குத்துவிளக்கோடும் பன்னீர்ச்செம்போடும் காசையும் சேர்த்துத் தேய்த்திருப்பார்கள். காசு சேகரிப்பில் அது வேறு கணக்கு. விபூதி, பல்பொடி, சாமான் விளக்கும் பவுடர் எதுவானாலும் காசின் மேற்பரப்பைச் சுரண்டும். விளக்கு வெளிச்சத்தில் காசைச் சாய்த்துச் சுற்றினால் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள் நூற்றுக்கணக்கில் தெரியும். புதுக் காசில் ஒளி ஆரம் ஆரமாகச் சுழலும். அந்த மினுக்கு அச்சில் அடிக்கும்போது உலோகம் ஓடிய நுண்ணிய வரிகளால் வருவது. ஒருமுறை தேய்த்தால் போயிற்று, எந்த மருந்தும் திருப்பித் தராது.

தேய்த்த காசை இனித் தொடாமல் வையுங்கள். காலப்போக்கில் மறுபடி நிறமேறும், பார்க்கவும் நன்றாக இருக்கும். அடியில் கீறல் இருப்பதால் விலை மட்டும் ஏறாது. குடும்பக் காசுக்கு விலை எதற்கு?

அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் போட்டால் தேய்க்காமலே வெள்ளையாகிறதே?

ஆகும். அலுமினியம் தான் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து, வெள்ளி சல்பைடை மறுபடி வெள்ளியாக மாற்றிவிடும். இது சுத்தமான மின்வேதியியல். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்ட நம் காரைக்குடி சிக்ரியின், அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின், பாடமே இதுதான், உலோகம் எப்படி அரிக்கிறது, எப்படித் தடுப்பது என்பது. வெள்ளித் தட்டுக்கும் டம்ளருக்கும் தாராளமாகச் செய்யுங்கள். காசுக்கு வேண்டாம். எண்பது வருடத்தில் வந்த நிறம் ஐந்து நிமிடத்தில் போய்விடும், பின்னால் தெரிவது உயிரில்லாத வெள்ளை. நகைக்கடையில் முக்கி எடுக்கும் அமிலக் கரைசல் இன்னும் மோசம். அது மேற்பரப்பு வெள்ளியையும் சேர்த்துக் கரைக்கும், இரண்டு மூன்று முறை முக்கினால் மினுக்கு செத்துவிடும்.

செயற்கை நிறத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது. நிறத்துக்குக் கூடுதல் பணம் என்று ஆன நாள் முதல், ஆக்ஸிடைஸ்டு நகைக்குக் கறுப்பு ஏற்றும் அதே கந்தக மருந்தை வைத்தோ, சூடு காட்டியோ நிறமேற்றி விற்பவர்கள் வந்துவிட்டார்கள். ஒரே ஒரு அடையாளத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். பல அடையாளம் ஒரே பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள்.

நிற வரிசையைச் சொன்னேன். இயற்கை நிறம் அந்த வரிசையை மீறாது. விளிம்பில் நீலம் என்றால் உள்ளே வர வர ஊதா, செம்பழுப்பு, பொன் என்று இறங்கி வர வேண்டும். ஒரு நிறத்திலிருந்து அடுத்ததற்கு மெல்லக் கரைந்து போகும். மருந்து வைத்த காசில் நிறம் திட்டுத் திட்டாக, வெட்டின மாதிரி நிற்கும்.

அடுத்து எழுத்துகளைப் பாருங்கள். எழுத்து மேடாக எழும்பும் இடத்தில், அதன் ஓரத்தை ஒட்டி நிறம் சற்று வெளுத்து ஒரு மெல்லிய கோடு பல இயற்கைக் காசுகளில் தெரியும். எழுத்தின் ஓரம் வரை படலம் ஒரே தடிமனில் வளர்வதில்லை. திரவத்தில் முக்கிய காசில் எழுத்து, மேடு, பள்ளம் எல்லாம் ஒரே பூச்சாக இருக்கும், அல்லது பள்ளத்தில் தேங்கி நிற்கும்.

மூன்றாவது, நிறத்துக்கு அடியில் என்ன இருக்கிறது? சாய்த்துச் சுற்றும்போது நிறத்தின் ஊடே மினுக்கு சுழல வேண்டும். சுழலாமல், மெல்லிய கீறல்கள் மட்டும் தெரிந்தால் அது தேய்த்த காசு, தேய்த்ததை மறைக்க நிறம் போட்டிருக்கலாம். ராணியின் கன்னமும் மூக்கும் வழுவழு என்று தேய்ந்து போன காசில் கண்ணைப் பறிக்கும் நீலமும் ரோஜாவும் ஜொலித்தாலும் சந்தேகப்படுங்கள். புழங்கித் தேய்ந்த வெள்ளி பெரும்பாலும் சாம்பல் நிறத்தில்தான் அடங்கும்.

சுத்தமான அசிட்டோனில் சில நிமிடம் வைத்தால் வெள்ளி சல்பைடுக்கு ஒன்றும் ஆகாது. சாயமோ வார்னிஷோ என்றால் கரைந்து வரும். நகப்பூச்சு அகற்றும் திரவம் அசிட்டோனுக்கு மாற்று கிடையாது, அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். அசிட்டோன் பட்டென்று தீப்பிடிக்கும், அடுப்படியில் வைத்துச் செய்யாதீர்கள்.

கடைசியாக, கூட்டத்தைப் பாருங்கள். ஒரு கடையில் பத்து காசு, பத்திலும் ஒரே நீலம், ஒரே ஊதா என்றால் அவை ஒரே பாத்திரத்தில் குளித்தவை. உண்மையான முடிச்சில் இரண்டு காசு ஒரே மாதிரி இருப்பது அபூர்வம். கந்தக வாடை அடித்தால் அதற்குமேல் பேச்சே வேண்டாம்.

காரைக்குடி கடைகளில் வாங்கலாமா?

முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் காசும் வரும். மற்ற சாமானுக்குப் போகிற மாதிரி அவசரமாகப் போகாதீர்கள். ஒரு லூப்பு, சின்ன டிஜிட்டல் தராசு, ஒரு காந்தம் இருந்தால் போதும். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. புழங்கிய ரூபாய் எடையில் கொஞ்சம் குறைந்திருக்கலாம், ஒரு கிராமுக்கு மேல் குறைந்தால் வைத்துவிடுங்கள். காசைத் தரையில் போட்டு ஓசை பார்க்கும் பழக்கம் வேண்டாம், விளிம்பு நசுங்கும்.

வாசல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். "அண்ணே, வெளியே கொண்டுபோய்ப் பார்த்துட்டுத் தர்றேன்" என்றால் நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். இன்னொன்று, பல கடைகளில் கறுத்த காசைத் தேய்த்து வெள்ளையாக்கித்தான் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார்கள். தேய்ப்பதற்கு முன்னால் எனக்குக் காட்டுங்கள் என்று சொல்லி வைப்பதுதான் நிறமேறிய காசு கிடைப்பதற்கு உருப்படியான வழி.

விலையை எப்படிக் கணக்கிடுவது?

அடித்தளம் வெள்ளி விலை. பழைய ரூபாயில் சுத்த வெள்ளி சுமார் 10.69 கிராம். அன்றைய விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். 1940-க்குப் பிந்தையதில் 5.83 கிராம். அதற்கு மேல் ஆண்டு, அச்சுச்சாலை, தேய்மானம் பார்த்து ஒரு சேகரிப்பு விலை. நிறத்துக்குக் கொடுப்பது அதற்கும் மேலே, அதற்குப் பட்டியல் கிடையாது. இரண்டு பேருக்கு ஒரே காசு பிடித்தால் ஏறும், பிடிக்காவிட்டால் வெறும் ரூபாய்தான். நிறமே இல்லாவிட்டாலும் இந்தக் காசை இந்த விலைக்கு வாங்குவேனா என்று கேட்டுப் பாருங்கள். அந்த விலைக்கு மேல் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்பது உங்கள் ஆசையைப் பொறுத்தது. பழகும்வரை அந்த இடைவெளியைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள்.

என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற தரமதிப்பீட்டு நிறுவனங்கள் நிறத்தில் சந்தேகம் இருந்தால் தரம் போடாமல் அதையே குறிப்பிட்டுப் பிளாஸ்டிக் உறையில் அடைப்பார்கள். அப்படி அடைத்த காசை மலிவு என்று வாங்கினால் விற்கும்போதும் மலிவுதான்.

எப்படி வைத்தால் நிறம் கெடாது?

நிறம் வளர்ந்துகொண்டே இருக்கும் பொருள். விட்டுவிட்டால் அழகைத் தாண்டிக் கறுப்புக்குப் போய்விடும். வேகத்தைக் குறைப்பதுதான் நம் வேலை. பிவிசி பிளாஸ்டிக் உறையை ஒதுக்குங்கள், அது நாளாவட்டத்தில் பச்சையாகப் பிசுபிசுத்துக் காசை அரிக்கும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் அசிட்டோன் எடுத்துவிடும். மைலார் உறை அல்லது கெட்டியான அக்ரிலிக் குடுவை நல்லது. பீரோவில் அந்துருண்டை, சூடம் இருந்தால் காசை அங்கே வைக்காதீர்கள். சமையலறையை ஒட்டிய அலமாரியும் வேண்டாம், முட்டை வேகும்போது வருவதே ஹைட்ரஜன் சல்பைடுதான். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு, மழைக்காலம் முடிந்ததும் மாற்றுங்கள். காசை விளிம்பில் பிடியுங்கள், காசுக்கு நேராகப் பேசாதீர்கள். எச்சில் துளி விழுந்த இடம் ஒரு வருடம் கழித்துக் கரும்புள்ளியாக வரும்.

வெள்ளைக் காசை நானே துணியில் சுற்றி வைத்து நிறமேற்றினால் தவறா?

உங்கள் காசு, உங்கள் விருப்பம். வேடிக்கை பார்க்க ஒரு சாதாரண ஜார்ஜ் ரூபாயைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், நன்றாக இருக்கும். விற்கும்போது எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். மருந்து, சூடு எதுவும் கூடாது.

காசுமாலைக்காகக் கொக்கி வைத்த காசு நிறமேறியிருக்கிறது. மதிப்பு உண்டா?

பற்றவைத்த சூட்டில் வந்த நிறமாக இருக்கும். நகையாகப் போட்டுக்கொள்ளுங்கள். கொக்கியை எடுக்கப் போனால் விளிம்பில் வடு நிற்கும்.

வீட்டை இடிக்கும்போது கிடைத்த காசை வைத்துக்கொள்ளலாமா? வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு அனுப்பலாமா?

இரண்டு சட்டங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணிலோ மண்ணோடு பொருத்தப்பட்ட எதிலுமோ மறைந்திருந்த, மதிப்புள்ள எதுவும் புதையல். அதன் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் என்றால் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சுவருக்குள்ளும் நிலைப்படிக்கு அடியிலும் கிடைப்பது இதில் வரலாம். பெட்டகத்தில் இருந்த குடும்பச் சொத்து வேறு விஷயம். இன்னொன்று 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசும் தொல்பொருள் கணக்கில் வரும், அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1922 வரையான ரூபாய்கள் எல்லாம் இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன. சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குத் தபாலில் அனுப்பாதீர்கள். ஊருக்கு வரும்போது பார்க்கட்டும்.

போனில் படம் எடுத்தால் நிறமே தெரிவதில்லை. என்ன செய்வது?

நேர் மேலே பிடித்து எடுத்தால் சாம்பலாகத்தான் தெரியும். முகப்பு நிழலில், வெயில் நேராக விழாத இடத்தில் காசை வைத்து, ஒளி ஒரு பக்கத்திலிருந்து வருகிற மாதிரி மெல்லச் சாய்த்துக்கொண்டே பாருங்கள். ஒரு கோணத்தில் நிறம் எழும்பும், அங்கே நிறுத்தி எடுங்கள். நிறத்தைக் கூட்டிக் காட்டும் வடிகட்டி எதையும் போடாதீர்கள். இணையத்தில் வாங்குகிறவர்களுக்கும் இதே யோசனைதான்: காசைச் சாய்த்துச் சுற்றும் வீடியோ கேளுங்கள், படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள்.

பங்காளிகளுக்குள் காசைப் பிரிக்கப் போகிறோம். எப்படிப் பிரிப்பது?

எடை போட்டுப் பிரித்தால் நிறமேறிய காசும் தேய்த்த காசும் ஒன்றாகிவிடும். முதலில் எல்லாவற்றையும் ஒரு பழைய பருத்தி வேட்டியின் மேல் பரப்பி, இரண்டு பக்கமும் படம் எடுத்து, ஆண்டு எழுதிப் பட்டியல் போடுங்கள். நிறமேறியவற்றைத் தனியே வைத்து, அவற்றை மட்டும் ஆளுக்கு ஒன்றாகத் தெரிவு செய்துகொள்ளட்டும். மூத்தவர் முதலில் எடுக்கட்டும். எல்லோரும் ஒப்புக்கொண்டால் ஒரே முடிச்சிலிருந்து வந்தவற்றை ஒருவரே வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு ஈடு கொடுப்பது இன்னும் நல்லது. முடிச்சுத் துணியையும் காசோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள், குப்பையில் போட வேண்டாம்.